ஆறாம் வேலை நாளுக்கு முன்
திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

சாலையிலும் ஆரியசாலையிலும் வலியசாலையிலும் கரமனையிலும் மணக்காட்டிலும் கோட்டைக்குள்ளும் வாழும் தமிழ்க் குடும்பத்தாருக்கும், அங்கே வாழ்ந்து பிறகு வட்டியூர்க்காவு, நேமம், ஸ்ரீகாரியம், கழக்கூட்டம் என்று நகர்ந்துவிட்டவர்களுக்கும்,



இந்த நகரத்து அரசுப் பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர்களில் நானும் ஒருவர். உங்களில் சிலர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். சிலரின் பெற்றோரை பி.டி.ஏ. கூட்டங்களில் பார்த்துப் பேசியிருக்கிறேன். அந்த உரிமையில் ஒரு வேண்டுகோளோடு எழுதுகிறேன். வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகவேண்டிய குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால் அதை அரசுப் பள்ளியிலோ எயிடட் (அரசு உதவி பெறும்) பள்ளியிலோ சேர்த்துவிடுங்கள். சேர்க்கும்போது முதல் மொழி தமிழ் என்று எழுதிக் கொடுங்கள். ஏன் கேட்கிறேன் என்பதற்குச் சற்று நீளமாகவே சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

கேரளத்தில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாள் என்பது ஆசிரியர்களுக்குத் தூக்கம் வராத நாள். அன்றைக்கு வருகைப் பதிவில் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்களோ, அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அந்த ஆண்டுக்கு எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்று அரசு தீர்மானிக்கிறது. தொடக்க வகுப்புகளில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், அதற்கு மேல் யு.பி. வகுப்புகளில் 35-க்கு ஒருவர் என்பது கணக்கு. எண்ணிக்கை குறைந்தால் டிவிஷன் ஃபால். டிவிஷன் போனால் ஆசிரியர் பணியிடமும் போகும். முன்பெல்லாம் அதிகாரிகள் நேரில் வந்து தலை எண்ணுவார்கள். இப்போது அன்று மாலைக்குள் கணினியில் ஏற்றிவிட வேண்டும். ஏழாம் நாள் வந்து சேரும் குழந்தை படிக்கலாம், மதிய உணவு சாப்பிடலாம். ஆனால் அந்த ஆண்டின் பணியிடக் கணக்கில் அது சேராது.

தமிழ் வகுப்புக்கு இது எவ்வளவு கூர்மையான நாள் என்பதை உள்ளே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆள் நிறைந்த மலையாள டிவிஷனில் மூன்று பேர் குறைந்தால் ஒன்றும் ஆகாது. தமிழ் வகுப்பில் மூன்று பேர் குறைந்தால் வகுப்பே ஆடிவிடும். அந்த வாரம் முழுக்க நாங்கள் போன் பேசிக்கொண்டே இருப்போம். "பாட்டிக்கு உடம்பு சரியில்லை, திங்கட்கிழமை வந்துவிடுவோம்" என்பார் ஒருவர். "டி.சி. இன்னும் கையில் கிடைக்கவில்லை" என்பார் இன்னொருவர். பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைக்குப் போயிருப்பார்கள். வைகாசிக் கொடை முடிந்து, சாமிக்குப் பொங்கலிட்டு, ரயிலேறி வருவதற்குள் ஆறாம் நாள் கடந்துவிடும். ஒரு முறை ஒரு தாத்தா பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு மதியத்துக்கு மேல் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பயணக் களைப்பில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "எழுதிக்கோங்க சார், வந்தாச்சு" என்றார். அன்றைக்கு அந்தத் தமிழ் டிவிஷன் பிழைத்தது அந்தக் குழந்தை ஒருத்தியால்தான்.

டிவிஷன் போய்விட்டால் அடுத்து நடப்பது எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரிதான். தமிழாசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். அடுத்த மே மாதம் பெற்றோர் யாராவது வந்து தமிழ் உண்டா என்று கேட்டால், "டீச்சர் இல்லையே" என்று பதில் வரும். அவர்கள் மலையாளத்தில் சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் வேறு பள்ளிக்குப் போவார்கள். மறு ஆண்டு கேட்க ஆளே வராது. பிறகு கோப்பில் "தேவை இல்லை" என்று எழுதிவிடுவார்கள்.

இதற்கெல்லாம் ஆசிரியர்களின் சோம்பல்தான் காரணம், கட்டடம் சரியில்லை என்று பேசுகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. 2017 ஜனவரியில் பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் தொடங்கியபின் கேரளத்து அரசுப் பள்ளிகள் மாறியதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஒரு பள்ளிக்கு ஐந்து கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில் 45,000 அறைகளுக்குப் புரொஜெக்டரும் கணினியும் வந்தன. தனியார் பள்ளிகளிலிருந்து குழந்தைகள் திரும்பி வந்தார்கள். அப்படியும் நகரத்தின் நடுவிலுள்ள பல பள்ளிகளில் பெஞ்சுகள் காலியாகவே கிடக்கின்றன என்றால், காரணத்தைப் பள்ளிக்கு வெளியே தேட வேண்டும்.

முதல் காரணம், குழந்தைகளே குறைந்துவிட்டார்கள். கேரளத்தில் 2014-ல் சுமார் 5.34 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 2023-ல் பிறந்தவை சுமார் 3.93 லட்சம். பத்து ஆண்டுக்குள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. 2025 ஜூனில் அரசு, எயிடட் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் சுமார் 2.34 லட்சம். முந்தைய ஆண்டு அது 2.5 லட்சத்துக்குச் சற்று மேல். ஆனால் அதே ஆண்டில் இரண்டு முதல் பத்து வரையிலான வகுப்புகளில் வெளியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவர்கள் நாற்பதாயிரம் பேர். பொதுப் பள்ளியின் மேல் மக்களுக்கு நம்பிக்கை போய்விடவில்லை என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாவது காரணம், நகரம் தன் நடுவைக் காலி செய்துகொண்டு விளிம்புக்குப் போய்விட்டது. 2001 கணக்கெடுப்பில் திருவனந்தபுரம் மாநகராட்சியில் சுமார் 7.45 லட்சம் பேர் இருந்தார்கள். 2011-ல் அதே எல்லைக்குள் சுமார் 7.44 லட்சம். பத்து ஆண்டில் நகரம் இவ்வளவு பெருத்தும் தலைக்கணக்கு நகரவில்லை. வளர்ந்ததெல்லாம் வெளியேதான். 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க் கழக்கூட்டத்தை இன்னொரு நகரமாக்கியது. 2010-ல் கழக்கூட்டம், ஸ்ரீகாரியம், வட்டியூர்க்காவு, குடப்பனக்குன்னு, விழிஞ்ஞம் பஞ்சாயத்துகளை மாநகராட்சியோடு சேர்த்ததும் அதனால்தான். பள்ளிக் கட்டடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, குழந்தைகளின் வீடுகள் வேறிடம் போய்விட்டன. சென்னையிலும் இதே கதைதான். கரையோரக் குடிசைகளைப் பெயர்த்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியபோது நகர நடுவிலிருந்த மாநகராட்சிப் பள்ளிகளின் குழந்தைகளும் கூடவே போனார்கள். அங்கே போகச் சொல்லி விரட்டினார்கள். இங்கே நாமாகவே போனோம்.

நாம் போனதைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். சாலைக் கடைத்தெரு பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாசர் உருவாக்கியது. அங்கே கடை வைத்த தமிழர்கள் கடைக்குப் பின்னாலும் மாடியிலும் குடியிருந்தார்கள். முன்னால் மல்லியும் மிளகாயும் வெங்காயமும், பின்னால் அடுப்படி, மாடியில் துணி காயும். காலையில் பிள்ளைகள் மூட்டைகளுக்கிடையே நெளிந்து பள்ளிக்கு நடந்து போவார்கள். எழுத்தாளர் ஆ. மாதவனின் கடைத்தெருக் கதைகள் அந்த வாழ்க்கையிலிருந்து பிறந்தவை. அவரே சாலையில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். நீல. பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ நாவல் கோட்டைக்குள்ளும் வெளியிலுமுள்ள தெருக்களைத் தமிழில் நடமாட விட்டது. இந்த நகரத்தில் தமிழ் அன்று வீட்டுக்குள் மட்டும் ஒலித்த மொழியாக இருக்கவில்லை. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது தலைநகரத் தமிழரின் பின்னணி ஒரே நாளில் எல்லைக்கு அப்பால் போயிற்று. அரசு வேலையில் இருந்த பலர் அந்தப் பக்கம் போனார்கள். வணிகர்களும் தொழிலாளிகளும் இங்கேயே தங்கினார்கள். அந்த அடியைச் சாலைப் பள்ளிகள் தாங்கிக்கொண்டன.

அடுத்து வந்த மாற்றம் சத்தமில்லாமல் வந்தது. கடை மாடிகள் குடோன்களாயின. வியாபாரம் செழித்த அண்ணாச்சிமார் புறநகரில் வீடு கட்டினார்கள். வீட்டு வாசலுக்கு சி.பி.எஸ்.இ. பள்ளியின் வேன் வந்தது. 1979-ல் திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி ரயில் பாதை திறந்தபின், கடைகளில் வேலை செய்பவர்கள் குடும்பத்தோடு இங்கே தங்கவேண்டிய தேவையும் குறைந்தது. இன்றைக்குக் காலைப் பாசஞ்சரில் வந்து மாலை வண்டியில் போகிறவர் பிள்ளைகளை நாகர்கோவிலிலோ குழித்துறையிலோ படிக்க வைக்கிறார். திருநெல்வேலி, தென்காசியிலிருந்து வரும் பையன்கள் கடைக்குப் பின்னால் ஆறேழு பேராகத் தங்கி, மாதம் ஒரு முறை ஊருக்குப் போய் வருகிறார்கள். கரமனை, வலியசாலை அக்ரகாரங்களில் முதியவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் பெங்களூரிலோ கடல் கடந்தோ இருக்கிறார்கள். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நல்ல வீடும் நல்ல வேலையும் தேடிப் போவது மனித இயல்பு.

ஆனால் போகாதவர்களும் இருக்கிறார்கள். நகரத்தைத் துப்புரவு செய்யத் தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், சுமை தூக்குகிறவர்கள், துணி தேய்க்கிறவர்கள், இட்லி மாவு அரைத்து விற்கிற அம்மாக்கள். கரிமடம் குடியிருப்பிலும் ராஜாஜி நகரிலும் அதுபோன்ற இடங்களிலும் மலையாளிகளோடு கலந்து வாழும் தமிழ்க் குடும்பங்கள். இந்த நகரத்தில் அரசுப் பள்ளித் தமிழ் வகுப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால் அது இவர்கள் பிள்ளைகளால்தான். நமக்குள் இதை வெளிப்படையாகப் பேச வேண்டும். தமிழ் விழாவுக்கு நன்கொடை கொடுக்கிற கை தன் பிள்ளையை அந்த வகுப்பில் உட்கார வைப்பதில்லை. ஏழைப் பிள்ளைகள் மட்டும் படிக்கிற பள்ளிக்கு அதிகாரியிடம் போய்க் கேட்க ஆள் இருப்பதில்லை. அம்மா வேலைக்கு விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும். அவர் எப்படி ஜகதியிலுள்ள பொதுக்கல்வி இயக்குநர் அலுவலகப் படியேறுவார்? தமிழாசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தால் கேட்கவேண்டியது யார்? நீங்கள் அங்கே இருந்தவரை கேட்டீர்கள். நீங்கள் போனபின் கேட்பாரில்லை.

நகர நடுப் பள்ளிகளுக்கு இன்னொரு கூட்டமும் வந்திருக்கிறது. மாநிலத் திட்டக்குழுவின் 2021 ஆய்வு, கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் சுமார் 31 லட்சம் என்று கணக்கிட்டது. முதலில் தனி ஆளாக வந்தவர்கள் பிறகு குடும்பத்தை அழைத்துக்கொண்டார்கள். சாலையின் சந்துகளில் முன்பு தமிழ் கேட்ட பட்டறைகளிலும் கட்டட வேலையிடங்களிலும் ஓட்டல் அடுப்படிகளிலும் இன்று வங்காளியும் அசாமியும் ஒடியாவும் இந்தியும் கேட்கின்றன. அவர்கள் பிள்ளைகள் எங்கே படிக்கும்? வேனுக்குப் பணம் கட்ட முடியாத எல்லாக் குழந்தைகளும் படிக்கும் இடத்தில்தான்.

உங்களில் ஒருவர் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார்: "நம்ம பள்ளிக்கூடம் பெங்காலிப் பள்ளிக்கூடம் ஆயிட்டே சார்." அவருக்கு அன்று சுருக்கமாகப் பதில் சொன்னேன், இங்கே முழுதாகச் சொல்கிறேன். அந்த வங்காளிக் குழந்தை வராவிட்டால் அந்தப் பள்ளி இன்று அரசின் கணக்கில் போதிய குழந்தைகள் இல்லாத ‘அன்எக்கனாமிக்’ பள்ளிகளின் பட்டியலில் ஏறியிருக்கும். அந்தப் பட்டியலில் ஏறிய பள்ளியின் மொத்த எண்ணிக்கையைப் பார்க்கிறவர்கள், உள்ளே தமிழ் வகுப்பு ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கட்டடம் திறந்திருந்தால்தான் தமிழ் அறையின் கதவும் திறந்திருக்கும். அசாமிலிருந்து வந்த ஒரு தொழிலாளியின் மகன் இன்று நம் தமிழ் வகுப்புக்குக் கூரை பிடித்துக்கொண்டிருக்கிறான். நம் பாட்டனார்களும் அப்படித்தான் மூட்டையோடு இந்த ஊருக்கு வந்தார்கள். அன்றைக்கு இந்த ஊர் அவர்கள் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளியே கட்டிக் கொடுத்தது. சாலையில் தமிழின் பெயரையே தாங்கி ஓர் அரசுப் பள்ளி இன்றும் நிற்கிறது.

அந்தக் குழந்தைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஓய்வு பெற்றபின் ஒரு தொடக்கப் பள்ளியில் சில மாதங்கள் கதை சொல்லப் போயிருந்தேன். வங்காளத்திலிருந்து வந்த ஒரு சிறுமி முதல் வாரம் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவள் தமிழ்ப் பெண். இருவரும் மதியச் சோற்றின்போது கைஜாடையில் தொடங்கினார்கள். ஓணப் பரீட்சை வருவதற்குள் அவள் டீச்சரிடம் மலையாளத்திலும் பக்கத்தில் இருப்பவளிடம் தமிழிலும் வீட்டிலிருந்து வந்த அண்ணனிடம் வங்காளியிலும் பேசினாள். தமிழ்ப் பெண்ணுக்கு அவள் கற்றுக்கொடுத்த வங்காளி எண்கள் பத்து வரை தெரியும். எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-ல் தொடங்கிய ‘ரோஷ்னி’ திட்டம் இதைத்தான் முறையாகச் செய்தது. குழந்தையின் தாய்மொழி தெரிந்த ஒருவரை வகுப்புக்குள் கொண்டுவந்து, அந்த மொழியைப் பிடித்துக்கொண்டே மலையாளத்துக்கும் பாடங்களுக்கும் அழைத்துப் போனார்கள். இப்படி வந்த பிள்ளைகள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் சான்று உண்டு: 2020-ல் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் பி.ஏ. வரலாறு-தொல்லியல் தேர்வில் முதலிடம் பெற்ற பாயல் குமாரி, பீகாரிலிருந்து வந்த தொழிலாளியின் மகள். திருவனந்தபுரத்துக்கும் ரோஷ்னி போன்ற ஏற்பாடு வேண்டும் என்று முதலில் கேட்கவேண்டியவர்கள் தமிழர்களாகிய நாம்தான். தாய்மொழியை விட்டுவிடாமல் வட்டார மொழியில் தேறுவது எப்படி என்று இந்த நகரத்தில் நம்மைவிட அதிகம் தெரிந்தவர் யார்?

பள்ளி காலியாகக் கிடந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தூரத்தில் தேட வேண்டாம். அட்டக்குளங்கரையில் நூற்றாண்டு கண்ட அரசு சென்ட்ரல் ஹைஸ்கூல் இருக்கிறது. கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில், பொன் விலை போகும் நிலம். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தப் பள்ளி நிலத்தில் பஸ் நிறுத்தமும் வணிக வளாகமும் கட்டத் திட்டம் வந்தது. குழந்தைகள் குறைவு என்பதுதான் அதற்குத் துணையாகப் பேசப்பட்ட வாதம். கவிஞர் சுகதகுமாரி முதலானவர்கள் அங்கிருந்த மரங்களுக்காகவும் பள்ளிக்காகவும் தெருவில் இறங்கினார்கள். கோழிக்கோட்டில் மலாப்பறம்பு எயிடட் பள்ளியை 2014-ல் நிர்வாகமே இரவோடு இரவாக இடித்தது. ஊர்க்காரர்கள் பணம் திரட்டித் திரும்பக் கட்டினார்கள். 2016-ல் நீதிமன்ற ஆணைப்படி மூட வேண்டிவந்தபோது அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இரண்டு இடத்திலும் அக்கம்பக்கத்தார் பள்ளியைத் தம்முடையது என்று நினைத்தார்கள், அதனால் போராட்டம் நடந்தது. சாலையில் நாளைக்கு ஒரு பள்ளிக்கு இப்படி ஒரு நிலை வந்தால் தெருவில் இறங்க யார் இருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் தயக்கங்களுக்கு வருகிறேன். "தமிழ் வழியில் படித்தால் இங்கே வேலை கிடைக்குமா?" இது நியாயமான கேள்வி. பி.எஸ்.சி. தேர்வுக்கும் அலுவலகத்துக்கும் மலையாளம் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். மாநிலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதுகிற நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்களில் ஆங்கில வழியில் எழுதுகிறவர்களே இன்று மலையாள வழியினரைவிட அதிகம். தமிழ் வழியில் எழுதுகிறவர்கள் இடுக்கி, பாலக்காடு எல்லாம் சேர்த்தும் சில ஆயிரத்தைத் தாண்டமாட்டார்கள். இந்தக் காற்றை எதிர்த்துத் தமிழ் வழியையே பிடித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. பயிற்று மொழி வேறு, முதல் மொழிப் பாடம் வேறு என்பது பலருக்குத் தெரியாமல் இருக்கிறது. கேரளப் பாடத்திட்டத்தில் கணக்கும் அறிவியலும் ஆங்கில வழியில் படிக்கும் குழந்தை முதல் மொழியின் முதல் தாளாகத் தமிழை எடுக்கலாம். இரண்டாம் தாளாக மலையாளம் படிக்கலாம். அப்படிப் படித்து வெளியே வரும் பிள்ளைக்கு மூன்று மொழியும் கைவசம் இருக்கும். 2017-ன் மலையாளக் கட்டாயப் பாடச் சட்டத்தைச் சிலர் நமக்கு எதிரானதாகப் பேசினார்கள். என் கருத்து வேறு. இந்த ஊரில் வாழ்கிற தமிழ்ப் பிள்ளைக்கு மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்தே ஆக வேண்டும். அதோடு தமிழும் இருக்கட்டும் என்பதுதான் நம் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டுத் தமிழர்களின் அனுபவத்தையும் பாருங்கள். சிங்கப்பூரில் கடைசித் தமிழ் வழி உயர்நிலைப் பள்ளியான உமறுப் புலவர் பள்ளி 1982-ல் மூடப்பட்டது. ஆள் இல்லை. ஆனால் அதே பெயரில் தமிழ்மொழி நிலையம் அமைந்தது. தன் பள்ளியில் தமிழ் இல்லாத குழந்தை அங்கே போய்ப் படிக்கிறது. பயிற்று மொழி போனபிறகும் பாடமாகத் தமிழ் நிற்க அரசு இடம் செய்து கொடுத்தது. மலேசியாவின் கதை வேறு. 1957-ல் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன, இன்று ஐந்நூற்றுச் சொச்சம். ரப்பர்த் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு மக்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், பள்ளியோ தோட்டத்திலேயே நின்றது. அங்கே தமிழர்கள் போராடிக் கேட்டது, பள்ளியின் உரிமத்தை மக்கள் குடியேறிய இடத்துக்கு மாற்றித் தாருங்கள் என்பதை. பல பள்ளிகள் அப்படி இடம் மாறி மறுபடி நிறைந்தன.

இதை நாம் இங்கே செய்யவில்லை. கழக்கூட்டத்தில் டெக்னோபார்க்கைச் சுற்றி எத்தனை தமிழ் இளைஞர்கள் குடும்பம் வைத்திருக்கிறார்கள்! மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் பிள்ளைக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் கேட்டால் கிடைக்காது என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டு கேட்பதையே விட்டுவிட்டார்கள். சாலையில் ஒருவரும் ஸ்ரீகாரியத்தில் ஒருவரும் கழக்கூட்டத்தில் ஒருவருமாகச் சிதறிக் கிடந்தால் எந்தப் பள்ளியிலும் எண்ணிக்கை சேராது. பழைய இடத்தில் தமிழ் வகுப்பைக் காப்பதும் புதிய இடத்தில் தமிழ் வகுப்பைத் தொடங்குவதும் ஒரே வேலையின் இரண்டு கைகள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1956-ல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. அதற்கும் முன்பே, 1949-ல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஓர் அளவுகோலை வைத்தது: பள்ளி முழுவதும் சேர்த்து 40 குழந்தைகள், அல்லது ஒரு வகுப்பில் 10 குழந்தைகள் இருந்தால் தாய்மொழி ஆசிரியர் தர வேண்டும். பத்துக் குழந்தைகள்! ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாலையில் சேர்த்துவிடக்கூடிய எண்ணிக்கை. கேரளத்தின் 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம். பொதுக்கல்வி இயக்குநருக்குப் போகும் நம் மனு தமிழில் போகட்டும். இந்த உரிமையைப் பயன்படுத்தும் ஆள் குறைந்ததால்தான் அதுவும் மறந்துபோய்க் கிடக்கிறது.

சாலை வியாபாரிகளிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். உங்கள் கடையில் வேலை செய்கிற தென்காசிப் பையனுக்குக் கல்யாணமாகி ஊரில் ஒரு குழந்தை இருக்கலாம். அவன் குடும்பத்தை இங்கே கொண்டுவராததற்குக் காரணம் வாடகை. குடோனாக வைத்திருக்கிற மாடிகளில் ஒன்றிரண்டை மறுபடி குடியிருக்கும் வீடாக்க முடியாதா? உங்களால் ஐந்து குடும்பம் இங்கே தங்கினால் பள்ளிக்கு ஏழெட்டுக் குழந்தைகள் வரும். பணம் பத்திரமாகத் திரும்பி வருகிற முதலீடும்தான், ஆள் நிலைத்து வேலை செய்வான். இதை வியாபாரிகள் சங்கத்தில் ஒரு தீர்மானமாகவே வையுங்கள்.

புறநகரில் வீடு, சாலையில் கடை என்று இருப்பவர்களுக்கு இன்னொன்று. காலையில் நீங்கள் எப்படியும் கடைக்கு வருகிறீர்கள். பிள்ளையையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வந்து இங்கே பள்ளியில் விடலாம். ஆண்கள் பள்ளிகளாக இருந்த சாலைப் பள்ளியும் எஸ்.எம்.வி. பள்ளியும் அண்மை ஆண்டுகளில் பெண் குழந்தைகளையும் சேர்க்கத் தொடங்கிவிட்டன. அண்ணனுக்கு ஒரு பள்ளி, தங்கைக்கு ஒரு பள்ளி என்று அலையவேண்டிய கஷ்டம் குறைந்திருக்கிறது. நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு வண்டி வைத்தால் தனியார் பள்ளிக் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

பிள்ளை வளர்ந்தவர்கள், பிள்ளை இல்லாதவர்கள், ஓய்வு பெற்றவர்களுக்கும் வேலை உண்டு. அரசுப் பள்ளிகள் இப்போது மாநகராட்சியின் பொறுப்பிலும் வருகின்றன. உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்த்து, இந்தப் பள்ளியில் தமிழாசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, தினக்கூலியில் ஆள் போட்டிருக்கிறார்களா, ஜூனில் தமிழ்ப் பாடநூல் கைக்கு வந்ததா என்று கேளுங்கள். வருடத்துக்கு ஒரு முறை இரண்டு பேர் போய்க் கேட்டாலே கோப்பு நகரும்.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் செய்யவேண்டிய வேலை இது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறவர்கள் சேர்க்கைப் படிவத்தில் முதல் மொழிக்கு நேராகத் தமிழ் என்று எழுதியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். தமிழுக்கு டீச்சர் இல்லை என்று சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வராதீர்கள், எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். கழக்கூட்டம், ஸ்ரீகாரியம், வட்டியூர்க்காவு பக்கம் இருப்பவர்கள் பள்ளி வயதுக் குழந்தைகளின் பெயர்ப் பட்டியலை மே முதல் வாரத்துக்குள் எடுத்து, எந்தப் பள்ளியில் பத்துப் பேர் சேர முடியுமோ அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். மனு எழுத உதவி வேண்டுமானால் பழைய தமிழாசிரியர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், எழுதித் தருவோம். ஊரில் கொடை இருந்தால் போய்வாருங்கள். பள்ளி திறந்த ஆறாம் வேலை நாளுக்கு முந்தின நாள் இரவு வண்டியிலாவது குழந்தையோடு வந்து சேர்ந்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்
திருவனந்தபுரம்